போஞ்சி மூலையில் வளர்த்த பூச்சிகள்

விஜயலெட்சுமிக்குக் கண் கூர்மை. மடுல்சீமையில் பிறந்து, பதினாறு வயதில் தேயிலைக் கொழுந்துக் கூடை மாட்டி, இருபத்திரண்டு வருடம் மலையில் நின்றதில் தனக்கு மிஞ்சியது அது ஒன்றுதான் என்று அவளே சொல்வாள். ஓர் இலையைத் திருப்பினால் போதும், அதன் அடியில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

கல்யாணம் முடித்து அவள் வந்து சேர்ந்தது வெலிமடைப் பக்கத்துத் தோட்டம். அங்கே வேலை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருங்கியபோது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே ரோட்டோரம் இருந்த பொலித்தீன் வீட்டுக்கு வேலைக்குப் போனாள். அது றிஸாத் முதலாளியுடையது. பதுளைக் கடைவீதியில் மரக்கறி மொத்த வியாபாரம் செய்கிறவர் அவர். இரும்புக் குழாய் வளைத்து, மேலே பொலித்தீன் இழுத்து, பக்கமெல்லாம் வலை கட்டிய அந்த நீள வீட்டுக்குள் சிவப்பும் மஞ்சளுமாகப் பழுக்கும் பெரிய கறிமிளகாய் வளர்ந்தது. தென்னந்தும்புத்தூள் பையில் செடி நிற்கும். மேலே கம்பியிலிருந்து தொங்கும் கயிற்றில் அதைச் சுற்றி ஏற்றிவிட வேண்டும்.

அவளுக்கு முன்பே அங்கே வேலை செய்தவர் அவள் புருஷன் புவனேந்திரன். மருந்து அடிப்பது அவர் வேலை. தோட்டத்தில் பழகிய வழக்கம்தான் அங்கேயும் இருந்தது. இலையைத் தொடுவது பொம்பளை வேலை, டேங்கைச் சுமப்பது ஆம்பளை வேலை. ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதும் இல்லை, கேட்பதும் இல்லை.

கறிமிளகாய்க்குப் பெரிய எதிரி சிவப்புச் சிலந்தி. பெயர்தான் சிலந்தி, உடம்போ ஊசி முனை குத்திய புள்ளி அளவு. இலையின் அடியில் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். முதலில் இலையில் வெள்ளைப் புள்ளி விழும், பிறகு பித்தளை நிறமாகும், கடைசியில் நுனியெல்லாம் மெல்லிய நூலாம்படை கட்டிச் செடியே கருகிவிடும். ஒன்பது வருடம் புவனேந்திரன் அதற்கு மருந்து அடித்தார். வெளித்தோட்டத்தில் அடித்தால் காற்று கொண்டுபோய்விடும். மூடிய வீட்டுக்குள் அடித்தது அங்கேயே நிற்கும். வாரத்துக்கு ஒருமுறை அடித்தது இரண்டு முறையானது. மருந்தின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது. சிலந்தி சாகாமல் பழகிக்கொண்டது. பழகாதது அவருடைய நெஞ்சுதான்.

லயத்துப் படி பன்னிரண்டு. அதை ஏறிவர அவர் இரண்டு தடவை உட்கார வேண்டியதானபோது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டொக்டர், இனி மருந்து அடித்த இடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். புவனேந்திரனுக்கு அப்போது வயது நாற்பத்தேழு. ஒரே மகளையும் பண்டாரவளையில் கட்டிக்கொடுத்தாயிற்று. லயத்துக் காம்பராவில் அவர் தனியாக உட்கார்ந்தார். காலையில் மனைவிக்கு ரொட்டி சுட்டுக் கட்டிக்கொடுப்பார். அவள் படி இறங்கிப் போவதைக் கதவில் நின்று பார்ப்பார். பின்னேரம் மருந்து வாடை போகும்வரை பீலித் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் அவள் உள்ளே வருவாள்.

"நான் ஒருத்தன் வீட்டுல கெடக்க, நீ ஒழைச்சுப் போடுற. பாக்க நல்லாவா இருக்கு?" என்பார்.

"இருபது வருசம் நீங்க போட்டீங்க. நான் ரெண்டு நாள் போடக் கூடாதா?"

"நீ ரெண்டு நாள்னு சொல்லுற. எனக்கு ரெண்டு யுகமா இருக்கு புள்ள."

அதற்குப் பிறகுதான் நிப்லா வந்தாள். பதுளையிலிருந்து வரும் விவசாயப் போதனாசிரியர். மருந்தில்லாமல் சிலந்தியைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேச வந்தவளைச் சுற்றி ஆறேழு பேர் நின்றார்கள். சிலந்தியைத் தின்று வாழும் இன்னொரு சின்ன உண்ணி இருக்கிறது, மருந்தே அடிக்காமல் கிடக்கும் தேயிலைச் செடிகளில் அது தானாக இருக்கும், அதைக் கொண்டுவந்து வளர்த்து விட்டால் அதுவே வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். விஜயலெட்சுமி சிரிக்கவில்லை.

"மிஸ், வெளிறின நெறத்துல, பேரிக்கா மாதிரி, நிக்காம ஓடுமே, அதா?"

நிப்லா திரும்பிப் பார்த்தாள். "அக்கா அதைப் பார்த்திருக்கீங்களா?"

"கொழுந்து எடுக்கயில கையில ஏறும் மிஸ். சிலந்தி சோம்பேறி, ஒரே எடத்துல கெடக்கும். இது ஓடிக்கிட்டே இருக்கும்."

நிப்லா தன் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கழற்றி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று பின்னேரமே விஜயலெட்சுமி றிஸாத்துக்கு போன் எடுத்தாள். மறுநாள் லொறியோடு வந்தவரிடம் நேராகக் கேட்டாள். ஒரே ஒரு போகம் மருந்து இல்லாமல் விட வேண்டும். செடி பிழைத்தால் இந்த வீட்டுக்குள் இனி மருந்தே வேண்டாம். அப்போது கயிறு கட்டி ஏற்றும் வேலைக்குத் தன் புருஷனை உள்ளே எடுக்க வேண்டும்.

றிஸாத் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "பூச்சி புடிக்கச் சம்பளமில்லா வேலைக்காரனக் கொண்டு வரப் போறீங்க. என்ட தம்பி றுஷ்தி கேட்டா, எனக்குப் பைத்தியம்னு கடையப் பூட்டிருவான்."

"ஒரு போகம் மொதலாளி."

"புவனேந்திரனுக்காகத்தானே கேக்கிறீங்க?"

அவள் தலையசைத்தாள். "சரி, ஒரு போகம்," என்றார் றிஸாத். "பொறகு எனக்குப் பேச்சில்ல, உங்களுக்கும் பேச்சில்ல."

ஞாயிற்றுக்கிழமை அவள் மேல்மலைக்கு ஏறினாள். கம்பனி கைவிட்டு ஆறேழு வருடமாகக் காடேறிக் கிடந்த தேயிலை அங்கே ஆளுயரத்துக்கு நின்றது. இலை இலையாகத் திருப்பிப் பார்த்து, ஓடுகிற உண்ணி இருந்த இலைகளை மட்டும் பறித்து ஈரத்துணியில் சுற்றி எடுத்து வந்தாள். அதை எங்கே வளர்ப்பது? அதற்குச் சாப்பாடு வேண்டுமே. சாப்பாடு சிவப்புச் சிலந்திதான்.

ஆகவே, பொலித்தீன் வீட்டின் கடைசி மூலையில் வலையால் ஒரு சின்னத் தடுப்புப் போட்டு, முப்பது பையில் அவரை இனத்துப் போஞ்சி நட்டாள். போஞ்சி இலை என்றால் சிலந்திக்கு உயிர். செடி இரண்டு இலை விட்டதும் சிலந்தி பிடித்த இலைகளைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டாள். எல்லோரும் கொல்லப் பார்க்கிற பூச்சியை அவள் ஊட்டி வளர்த்தாள். போஞ்சி இலை வெளிறி நூலாம்படை கட்டும்வரை விட்டு, அதன் பிறகு ஓடும் உண்ணியை அதில் இறக்கினாள். பத்து நாள் கழித்துப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, சிலந்தியின் உருண்டை முட்டைகளுக்கு நடுவே நீள்வட்டமாக வேறு முட்டைகள், ஓடும் உண்ணியின் முட்டைகள், மின்னின.

அந்தப் போஞ்சி இலைகளைக் கத்தரித்துக் கறிமிளகாய்ச் செடிகளின் கவட்டில் ஒவ்வொன்றாகச் செருகினாள். காய்ந்த காற்று சிலந்திக்குப் பிடிக்கும், ஓடும் உண்ணிக்கு ஈரம் வேண்டும் என்று நிப்லா சொல்லியிருந்ததால், பகல் வெயிலில் தரைக்குத் தண்ணீர் தெளித்தாள். வாரம் ஒருமுறை புதுப் போஞ்சி நட்டு, பழைய செடியைக் கத்தரித்து, அந்த மூலையை ஓயாமல் ஓட்டிக்கொண்டே இருந்தாள். மூன்று மாதத்தில் வீடு முழுவதும் இலை பச்சையாக நின்றது. காய் கனத்தது. நிப்லா வந்து படம் எடுத்துக்கொண்டு போனாள். பின்னேரம் விஜயலெட்சுமி பீலிக்குப் போகாமல் நேராகக் காம்பராவுக்குள் வரத் தொடங்கினாள். முதல் நாள் அப்படி வந்தபோது புவனேந்திரன் அவள் சேலைத் தலைப்பை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

அவரிடம் அவள் சொன்னது பாதிதான். பூச்சியைத் தின்னும் பூச்சி என்பதைச் சொன்னாள். மருந்து பட்டால் அதுவும் சாகும் என்பதை அவள் சொல்லவுமில்லை, அவர் கேட்கவுமில்லை. அவர் அதை வைத்துத் தினமும் கேலி செய்தார்.

"எப்பிடி ஒன் கங்காணிமாரு? காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு நேரத்துக்கு வர்றாங்களா?"

"உங்க கங்காணிய மாதிரி இல்ல. இவங்க தின்னுட்டு வேலையும் பாக்குறாங்க."

"அடேங்கப்பா! அப்ப யூனியன் வச்சுருவாங்க, பாத்துக்க."

சிரித்தால் அவருக்கு இருமல் வரும், இருமிக்கொண்டே சிரிப்பார். ஆனால் போஞ்சி மூலையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. எந்தப் பூச்சியைக் கொல்லப் போய் அவர் நெஞ்சைத் தொலைத்தாரோ, அதே பூச்சிக்குத் தான் தீனி போட்டு வளர்ப்பதை எந்த வாயால் சொல்வது? அவர் உள்ளே வேலைக்கு வரும் நாளில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டிச் சொல்லலாம் என்று நினைத்திருந்தாள். அந்த நாளுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை அவளுக்குக் காய்ச்சல். உடம்பு கொதித்தது, எழுந்தால் தலை சுற்றியது. அந்த லயத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் வேலைக்குப் போகிறவருக்கு முடியாமல் போனால், அதே வீட்டிலிருந்து இன்னொருவர் போய் அன்றைக்கு அவருடைய பேருக்கு நிற்பார். அந்த நாள் கூலிக்கான பேர் விட்டுப்போகக் கூடாது. அம்மாவுக்கு மகளும், அண்ணனுக்குத் தம்பியும் நின்றிருக்கிறார்கள். யாரும் கேள்வி கேட்பதில்லை.

"நான் போய் ஒன் பேருக்கு நிக்கிறேன்," என்றார் புவனேந்திரன். "இப்பதான் மருந்து இல்லையே. எனக்கு ஒன்னும் ஆகாது."

அவளுக்கும் அது சரி என்றே பட்டது. இத்தனை நாளாக அவள் ஆசைப்பட்டதே அவர் அந்த வீட்டுக்குள் நடக்க வேண்டும் என்றுதானே. தலையணைக்கடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துத் தன் கையாலேயே கொடுத்தாள்.

"தண்ணி மட்டும் தெறந்து விடுங்க. செடியப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.

அவர் பார்த்தார். நாலு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நுழைந்தவர், வரிசை வரிசையாகப் பச்சையாக நின்ற செடிகளைப் பார்த்துக்கொண்டே கடைசி மூலைக்குப் போனார். தடுப்பு வலையைத் தூக்கினார். அங்கே முப்பது போஞ்சிச் செடிகள் பித்தளை நிறத்தில், நூலாம்படை மூடி, சிலந்தி மொய்த்துக் கிடந்தன. ஒன்பது வருடம் மருந்து அடித்த மனுஷனுக்கு அதைப் பார்த்தவுடன் என்ன தோன்றும்? ஒரு மூலையில் தொடங்கினால் நாலு நாளில் வீடு முழுக்கப் பரவும். காய்ச்சல் வந்ததில் மனைவி கவனிக்காமல் விட்டுவிட்டாள். அவளுடைய ஒரு போகம் போகப் போகிறது.

சாவிக்கொத்தில் பின்பக்கக் கொட்டகைச் சாவியும் இருந்தது. அங்கே அவருடைய பழைய டேங்க் இருந்தது, மிச்ச மருந்துப் போத்தலும் இருந்தது. கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்து நனைத்து மூக்கிலும் வாயிலும் கட்டிக்கொண்டார். மூலைக்கு மட்டும் அடித்தால் போதாது என்பது அவருக்குத் தெரிந்த தொழில். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை, இலைக்கு அடிப்பக்கம் நனையும்படி, ஒரு செடியும் விடாமல் அடித்தார். நாலு டேங்க் ஆனது.

வீட்டுக்கு வந்தபோது அவர் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. பீலியில் குளித்துவிட்டு வந்திருந்தார். "எல்லாம் சரியா இருக்கு. நீ தூங்கு," என்று மட்டும் சொன்னார். அடித்ததை அவள் தேறிய பிறகு சொல்லிச் சந்தோஷப்படுத்த நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காய்ச்சல் சற்றுத் தணிந்தது. விஜயலெட்சுமி சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள். பொலித்தீன் வீட்டுக் கதவைத் திறந்ததுமே வாடை அவள் முகத்தில் அடித்தது. மூலைக்கு ஓடினாள். போஞ்சி இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்தாள். ஓடும் உண்ணிகள் கால் சுருண்டு கிடந்தன. அடுத்த இலை, அதற்கடுத்த இலை. கறிமிளகாய்ச் செடிகளிலும் பார்த்தாள். வரிசை வரிசையாக மத்தியானம் வரை பார்த்தாள். ஓடுவது ஒன்றும் இல்லை. சிலந்தியில் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாக உயிர் இருந்தது, உருண்டை முட்டைகளும் அப்படியே இருந்தன. அவை மருந்துக்குப் பழகியவை.

வீட்டுக்கு வந்து பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கத்தியிருக்கலாம், அழுதிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் என்ன வருமோ என்ற பயத்தில் திறக்கவில்லை. அன்றும் மறுநாளும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

"காய்ச்சல் இன்னும் விடலியா லெச்சுமி? தேத்தண்ணி ஊத்தவா?"

அடுப்படியில் அவர் இருமும் சத்தம் கேட்டது. தேத்தண்ணியைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்துவிட்டு மூச்சு வாங்கியபடி நின்றார். அவள் திரும்பவில்லை. அது ஆறியது. அவரே எடுத்துப்போய் ஊற்றிவிட்டு மறுபடி ஊற்றிக் கொண்டுவந்தார். அதுவும் ஆறியது.

வியாழக்கிழமை காலையில் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். உதடு நீலமாக இருந்தது. பக்கத்துக் காம்பராக்காரர்கள் தூக்கி, முச்சக்கர வண்டியில் ஏற்றி, பதுளைக்குக் கொண்டுபோனார்கள். வழி முழுக்க அவள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "என்னாங்க, என்னாங்க," என்று கூப்பிட்டுக்கொண்டே போனாள். பேச வேண்டிய இரண்டு நாள் பேசாமல் விட்டவளுக்கு இப்போது அதைத் தவிர வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் பேசினார்.

"எம்மேல கோவமா இருந்தியா புள்ள? ரெண்டு நாளா மூஞ்சியக் காட்டல."

"காய்ச்சல்ங்க. தலையத் தூக்க முடியல."

"அதான் நானும் நெனச்சேன்." மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். "ஒங்கிட்ட ஒன்னு சொல்லல. மூலையில பூச்சி விழுந்து கெடந்துச்சு. நாலு டேங்க் அடிச்சேன். ஒன் கங்காணிமாரு அந்தப் பக்கமே வரல போல."

அவர் கண்ணில் ஒரு பெருமை இருந்தது. நாலு மாதமாக அவள் பார்க்காத பெருமை.

"பூச்சி செத்துச்சா?"

"செத்துச்சுங்க," என்றாள். "ஒன்னுகூட இல்ல."

அதே வாரத்தில் பொலித்தீன் வீட்டில் சிலந்தி பொங்கியது. தின்ன யாரும் இல்லாத வீட்டில் அது பத்தே நாளில் வரிசைகளை மூடியது. காய் பழுக்குமுன் இலை உதிர்ந்தது. றிஸாத் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தோடம்பழப் பையோடுதான் வந்தார். புவனேந்திரனிடம் சுகம் விசாரித்தார். பிறகு அவளை வெளியே விறாந்தைக்கு வரச் சொன்னார்.

"கொட்டகையில போத்தல் காலியாக் கெடக்கு விஜயா. யாரு அடிச்ச?"

அவர் குரலில் கோபம் அவ்வளவாக இல்லை. உண்மையைச் சொன்னால் அவர் விளங்கிக்கொண்டிருப்பார். இன்னொரு போகம்கூடக் கொடுத்திருப்பார். ஆனால் உண்மையைக் கேட்ட மனுஷர், நோயாளியின் தலைமாட்டில் வந்து ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். 'தெரியாமச் செஞ்சதுதானே, பரவாயில்ல' என்பார். அந்த ஒரு வார்த்தை போதும், புவனேந்திரனுக்கு எல்லாம் விளங்கிவிடும்.

"நான்தான் மொதலாளி," என்றாள்.

"நீங்களா?"

"ஆமாங்க. மூலையில கூடிப் போச்சு. பயந்துட்டேன்."

றிஸாத் அவளையே பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. "என்ட தம்பிக்கிட்டச் சண்ட புடிச்சி வுட்ட போகம் இது," என்றார். "நீங்களே இப்படிச் செஞ்சா நான் யார நம்புற? செடியப் புடுங்கச் சொல்லிட்டேன். அடுத்த போகம் பழையபடி மருந்துதான். அடிக்க வேற ஆள் பார்த்தாச்சு." பிறகு பழப் பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவள் உள்ளே வந்தாள்.

"மொதலாளி என்ன சொன்னாரு?"

"உங்களத்தான் மெச்சினாரு. நீங்க இல்லன்னா வீடே போயிருக்கும்னாரு."

"வேலை?"

"குடுக்குறாராம். நடந்து வர முடிஞ்சா போதுமாம்."

புவனேந்திரன் கூரையைப் பார்த்துக்கொண்டு கணக்குப் போடத் தொடங்கினார். வலப்பக்க வரிசைகளைத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், அந்தப் பக்கம் காற்றோட்டம் அதிகம். கயிற்றை இடமிருந்து சுற்றினால்தான் செடி சறுக்காது என்றார். உட்கார்ந்து வேலை செய்ய ஒரு பலகை அடிக்க வேண்டும் என்றார். அவள் தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகக் கொட்டை நீக்கி வைத்தபடி, "சரிங்க, சரிங்க," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் பொலித்தீன் வீட்டில் செடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஏழு நாள் இருந்தார். ஒவ்வொரு நாளும் வரிசைகளைப் பற்றித்தான் பேச்சு. எட்டாம் நாள் பகல், பார்வையாளர் நேரம் தொடங்குமுன் போய்விட்டார்.

இப்போது விஜயலெட்சுமி வெலிமடையில் லீக்ஸ் தோட்டங்களுக்கு நாட்கூலிக்குப் போகிறாள். காரியம் முடிந்த பிறகு நிப்லா ஒருமுறை லயத்துக்கு வந்தாள். வேறொருவருடைய பொலித்தீன் வீட்டில் மறுபடி தொடங்கலாம், அக்கா வந்தால் போதும் என்று கெஞ்சினாள். விஜயலெட்சுமி பூதக்கண்ணாடியைத் துடைத்து அவளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"ஏன் அக்கா? உங்களைப் போல கண் யாருக்கும் இல்லையே."

"முடியல மிஸ்."

நிப்லா கிளம்பும்போது தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். நிப்லா பேச்சு மும்முரத்தில் அதைக் குடிக்காமல் படிக்கட்டில் வைத்துவிட்டாள். அது ஆறுவதைப் பார்த்த விஜயலெட்சுமி, "குடிங்க மிஸ், குடிச்சுட்டுப் போங்க," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். ஒரு கோப்பைத் தேத்தண்ணிக்கு இந்த அக்கா ஏன் இப்படி அழுகிறாள் என்று நிப்லாவுக்கு விளங்கவில்லை. அவள் அவசரமாக எடுத்துக் குடித்தாள்.